மர்டோ கார்கிலின் அவசர வரி

சம்பளச் சீட்டைப் பிரித்ததும் மர்டோ கார்கில் கடைசி வரியைப் பார்க்க மாட்டார். நாங்கள் எல்லோரும் அங்கேதான் பார்ப்போம், கைக்கு என்ன வருகிறது என்று. அவர் பார்ப்பது மேலே, பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கட்டத்தை. வரிக் குறியீடு அச்சாகும் இடம் அது. அதை ஒரு தரம் பார்ப்பார். சீட்டை நான்காக மடிப்பார். தேநீர் ஃபிளாஸ்கின் துணி உறைக்குள் செருகுவார். அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ரொட்டியைத் தின்பார்.

பல குளிர்காலங்களாக இதை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு அறையில் என் இடம் சூடாக்கியின் ஓரம். எதிரே யாரும் உட்காருவதில்லை, நான் அதிகம் பேசாதவள் என்பதால். அதனால் எனக்கும் மர்டோவின் மேசைக்கும் நடுவே மறைப்பு ஏதும் கிடையாது.

இங்கிலாந்தின் கரையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வருடத்தில் இரண்டு வேலை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை காய்கறிக் கொட்டகை: முளைக்கோஸ், லீக்ஸ், காலிஃபிளவர் எல்லாம் வயலிலிருந்து வரும், பெல்ட்டில் ஓடும், நாங்கள் அழுகலைப் பொறுக்கிப் போட்டுப் பையில் கட்டுவோம். ஈஸ்டருக்குச் சுற்றுலாக்காரர்கள் வந்துவிட்டால் கேரவன் பூங்கா. நான் அங்கே சனிக்கிழமைகளில் படுக்கை விரிப்பு மாற்றுவேன், மர்டோ புல் வெட்டுவார். ஆக ஒவ்வொரு வருடமும் இரண்டு முறை வேலையை விட்டு நிற்கிறோம், இரண்டு முறை புதிதாகச் சேர்கிறோம்.

நிற்கும்போது பழைய முதலாளி பி45 என்று ஒரு தாள் தருவார். இதுவரை எவ்வளவு சம்பாதித்தாய், எவ்வளவு வரி பிடித்தார்கள், உன் குறியீடு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். புதிய இடத்தில் கொடுத்தால் சம்பள அறைக்காரி அதைப் பார்த்துக் கணினியில் தட்டிவிடுவாள், வரி பழையபடி ஓடும். கொடுக்காவிட்டால் அவசரக் குறியீடு விழும். அது விழுந்தால் ஒவ்வொரு வாரத்தையும் அந்த வருடத்தின் முதல் வாரமாகத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் ஒன்றுமே நடக்காதது போல. பிடித்தம் கூடுதலாகத் தெரியும். பிறகு வரி அலுவலகம் ஆளைக் கண்டுபிடித்துச் சரியான குறியீட்டை அனுப்பும், அதிகம் பிடித்ததும் திரும்பி வரும். வரும்வரை இழுபறிதான். அதனால் எங்கள் ஊரில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழைத் தொலைப்பார்கள், பி45-ஐத் தொலைக்க மாட்டார்கள்.

மர்டோ ஒவ்வொரு முறையும் தொலைப்பார்.

ஒரு வருடம் ரூட்டா என்ற லிதுவேனியப் பெண் புதிதாகச் சேர்ந்தாள். முதல் வெள்ளிக்கிழமை சீட்டைப் பிரித்துப் பார்த்தவள் முகம் வெளுத்துச் சம்பள அறை சன்னலுக்கு ஓடினாள். சம்பள அறை பெவர்லியின் ராஜ்யம். மர்டோ ஒருவரைத் தவிர பெவ் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஆண், பெண், முதலாளி, லாரி டிரைவர் எல்லோருமே அவளுக்கு வாத்துதான். எங்கள் பக்கத்தில் பிரியமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

"நீ எமர்ஜென்சியில இருக்க, வாத்து. வேற ஒண்ணுமில்ல."

"எமர்ஜென்சியா? நானா? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"உனக்கில்லம்மா, உன் வரிக்கு. நம்பருக்குப் பின்னாடி டபிள்யூ ஒண்ணுன்னு இருக்கு பாரு, முதல் வாரம்னு அர்த்தம், அதுதான். பழைய இடத்துல பி45 குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. பெட்டிக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன்."

"பெட்டிக்கா வேலை குடுத்திருக்கோம்? எடுத்துட்டு வா, திங்கக்கிழமை மாத்திடறேன்."

ரூட்டாவுக்கு உயிர் வந்தது. சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மர்டோவைக் காட்டினாள். "அவரோட சீட்டுலயும் இதே டபிள்யூ இருந்துது. அவருக்கும் மாத்துவீங்களா?"

"அவனா? அவன் வருஷத்துக்கு ரெண்டு தடவ எமர்ஜென்சி. ஆம்புலன்ஸ்தான் இன்னும் வரல."

"வர்ற வழியில பஞ்சராம்," என்றார் மர்டோ, திரும்பாமலே.

எல்லோரும் சிரித்தார்கள். பெவ் விடவில்லை. "இந்த வருஷமாவது அந்தத் தாளைக் கொண்டா, மர்டோ. கவர்மென்டுக்குக் கடன் குடுக்கறதுல உனக்கு அப்படி என்ன சந்தோஷம்?"

"தொலைஞ்சு போச்சு, பெவ்."

"வருஷா வருஷமா?"

"உங்க ஊர்ல காத்து ஜாஸ்தி."

தொலையவில்லை. எனக்குத் தெரியும். ஃபிளாஸ்க் உறைக்குள் சம்பளச் சீட்டுகளோடு அதுவும் மடித்து இருந்தது. தேநீர் ஊற்ற உறையைக் கழற்றும்போதெல்லாம் அதன் ஒரு மூலை எட்டிப் பார்க்கும்.

சேர்ந்து ஐந்தாறு வாரம் ஆனதும் ஒரு வெள்ளிக்கிழமை அவர் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பார். குறியீடு மாறிவிட்டது என்று நான் புரிந்துகொள்வேன். ஒருமுறை சீட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோது பார்த்தேன். டபிள்யூ போய்விட்டிருந்தது. நம்பருக்கு முன்னால் எஸ் என்ற எழுத்து வந்திருந்தது. ஸ்காட்லாந்தில் வீடு உள்ளவர்களுக்குத்தான் அந்த எஸ். எங்கள் கொட்டகையில் வேறு யாருக்கும் அது கிடையாது.

அப்படிக் குறியீடு மாறி ஒரு வாரத்துக்குள் கொட்டகை விலாசத்துக்கு அவர் பெயரில் ஒரு வெள்ளை உறை வரும். பெவ் அதைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே வருவாள்.

"மர்டோ! ஸ்காட்லாந்திலேர்ந்து காதல் கடிதம்!"

அவர் கையுறையைக் கழற்றுவார். முளைக்கோஸ் வாசனை போகச் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். துடைத்துக்கொண்டு வந்து வாங்குவார். உறையின் முன்பக்கத்தை, தன் பெயரும் விலாசமும் எழுதியிருக்கும் பக்கத்தை, பார்த்துக்கொண்டே நிற்பார். அங்கே பிரிக்க மாட்டார். ஒரு தடவை, எங்களை வீட்டுக்குக் கொண்டுபோகும் வேன் நிற்கும் இடத்தில் பிரித்தார். உள்ளே வரி அலுவலகத்தின் பழுப்பு உறை இருந்தது. அதைத் திறக்கக்கூட இல்லை. இரண்டாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். அதைச் சுமந்து வந்த வெள்ளை உறையைத் தடவி நேராக்கிக் கோட்டின் உள்பைக்குள் வைத்தார்.

கடிதத்தைப் போட்டுவிட்டு உறையை வைத்துக்கொள்ளும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

வேனில் நாங்கள் இருவரும்தான் கடைசியில் இறங்குகிறவர்கள். நான் என் அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். அவர் கேரவன் பூங்காவில், ஒரு பழைய கேரவனில். மற்றவர்கள் இறங்கிய பிறகு வேனுக்குள் ஹீட்டர் சத்தம் மட்டும் இருக்கும். பதினைந்து வயதில் பள்ளியை விட்டதிலிருந்து நான் யாரையும் கேள்வி கேட்டுப் பழகியவள் இல்லை. அன்றைக்கு எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"பி45 உங்ககிட்டயேதான இருக்கு. ஏன் பெவ்கிட்ட குடுக்க மாட்டேங்கறீங்க?"

அவர் சன்னலைப் பார்த்தபடியே இருந்தார். காது கேட்கவில்லை போலும் என்று நினைத்து எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகிவிட்டது. என் தெருவிளக்குத் தெரியும் சமயம் பதில் சொன்னார்.

"குடுத்தா குறியீடு மாறாது, லோர்னா. மாறலன்னா வரி ஆபீஸ்ல என் வீட்டுக்குக் கடிதாசி போட மாட்டாங்க. போடலன்னா அவ அதை எனக்கு அனுப்ப வேண்டிய வேலையில்ல."

அதற்குப் பிறகு, அந்தக் குளிர்காலம் முழுக்க, வேனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஸ்காட்லாந்துக் கரையில், ஆர்பிரோத்தில், மீன் புகைபோடும் முற்றத்தில் வேலை பார்த்தவர். அது மூடியது. ஒரு குளிர்காலம் மட்டும் சம்பாதித்துவிட்டு வருகிறேன் என்று மனைவி ஐல்சாவிடம் சொல்லிவிட்டு இங்கே வந்தார். வசந்தத்தில் பூங்காவில் புல் வெட்ட ஆள் தேவைப்பட்டது. அது முடியும்போது மறுபடி முளைக்கோஸ் வந்துவிட்டது. முதலில் ஞாயிறுதோறும் பேசினார்கள். பிறகு பிறந்தநாளுக்கு. பிறகு பிறந்தநாளுக்கும் இல்லை.

"சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டை போட்டிருந்தாலாவது சமாதானமாகப் போயிருக்கலாமே. ஒண்ணும் நடக்கல. ஒரு வார்த்தை கூட ஜாஸ்தியாப் பேசிக்கல."

ஆனால் வரி அலுவலகத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்தார். விலாசத்தை மாற்றச் சொல்லி அவர் கேட்டதேயில்லை. ஐல்சாவும் சொல்லவில்லை. அவசரக் குறியீடு விழும். அலுவலகம் அவரைத் தேடிக் கண்டுபிடித்துச் சரியான குறியீட்டை அந்த வீட்டுக்கு அனுப்பும். அவள் ஓர் உறையை எடுத்து, தன் கையால் அவர் பெயரை எழுதி, தபால்தலை ஒட்டி, அஞ்சல் பெட்டி வரை நடந்து போய்ப் போடுவாள். வருடத்தில் இரண்டு தடவை. உள்ளே துண்டுச்சீட்டு எதுவும் இருக்காது.

"இவர் இங்கே இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பறது அவளுக்குச் சுலபம். அனுப்பலியே," என்றார். "அந்தக் கவர் வர்ற வரைக்கும் அது என் வீடுதான்."

"நீங்க ஒரு கடிதம் எழுதலாமே?"

"என்னன்னு எழுதறது?"

என் நிறுத்தம் வந்தது, இறங்கிவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய அக்டோபரில் வழக்கம் போலச் சேர்ந்தோம். வழக்கம் போல மர்டோவின் தாள் காற்றில் போயிற்று. டபிள்யூ விழுந்தது. நவம்பர் தொடக்கத்தில் இங்கே எல்லோரும் வெடிக்கும் பட்டாசெல்லாம் வெடித்து முடிந்தது. ஒவ்வொரு வெள்ளியும் கட்டத்தைப் பார்த்தார், மடித்தார். ஒவ்வொரு வெள்ளியும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எஸ் வரவில்லை. வழக்கமாக வரும் காலம் தாண்டிவிட்டது. கிறிஸ்துமஸ் முளைக்கோஸ் அவசரம் தொடங்கி இரண்டு பெல்ட்டும் ஓட ஆரம்பித்தன. அப்போதும் டபிள்யூதான்.

பெவ்வே ஒருநாள் அவர் மேசைக்கு வந்தாள். கேலி இல்லை.

"உனக்கு ஏன்யா இன்னும் எதுவும் வரல? எல்லாருக்கும் வந்திருச்சு. ரூட்டாவோட புருஷனுக்கே வந்திருச்சு, அவன் உனக்கப்புறம் சேந்தவன். தாளைக் குடு, நானே போட்டுடறேன்."

"வரும், பெவ்."

"போன் பண்ணிக் கேளு. ஏதோ எங்கியோ மாட்டிக்கிட்டு நிக்குது."

"வரும்."

வேனில் அவர் பேசுவது நின்றுபோயிற்று. உறை வராவிட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்கலாம். அல்லது அவள் திருப்பி அனுப்பியிருக்கலாம். இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குப் பயம். கேட்காமல் இருக்கும்வரை வீடு அங்கேயே இருக்கும்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு கடும் பனி உறைந்தது. அப்படி உறைந்தால் முளைக்கோஸ் வெட்ட முடியாது, தண்டு கல்லாகிவிடும். வயலிலிருந்து டிரெய்லர் வரும்வரை பெல்ட் நிற்கும். எல்லோரும் சாப்பாட்டு அறையில் திராட்சை ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டு சீட்டாடினார்கள். மர்டோ என் மேசைக்கு வந்தார். முதல் தடவையாக என் எதிரே யாரோ உட்கார்ந்தார்கள்.

"என் போன்ல காசு பத்தாது. வரி ஆபீஸ்ல ரொம்ப நேரம் காக்க வைப்பாங்களாம். உன் போனைக் குடுக்கறியா?"

கொடுத்தேன். பெட்டிகள் அடுக்கும் பக்கத்து அறைக்குப் போனோம். அவருக்கு ஒரு காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டோம். பாட்டு ஓடியது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றது. மறுபடி பாட்டு. அவர் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தார், நான் நின்றேன். ரூட்டா கதவைத் திறந்து, "டிரெய்லர் இன்னும் வரல. தேநீர் வேணுமா?" என்றாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. சின்ன வயசுக் குரல். எண் கேட்டாள், பிறந்த தேதி கேட்டாள், விலாசம் கேட்டாள். மர்டோ ஆர்பிரோத் விலாசத்தைச் சொன்னார். மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி, தபால் குறியீடு வரை.

"நன்றி, மிஸ்டர் கார்கில். அந்த விலாசத்துக்கு நாங்க அனுப்பின தபால் திரும்பி வந்திருக்கு. அதான் உங்க கணக்கை நிறுத்தி வச்சிருக்கோம். நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்களா?"

அவர் போனை நல்ல காதுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"மிஸ்டர் கார்கில்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"திரும்பி வந்த கவர் மேல என்ன எழுதியிருந்துது?"

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "இந்த விலாசத்தில் இல்லை, அப்படின்னு பதிவாயிருக்கு."

"அது எந்தக் கையெழுத்து?"

"மன்னிக்கணும், புரியல."

"சாய்ஞ்ச கையெழுத்தா? எம்முங்கற எழுத்துக்கு மூணு கால் நல்லா நீளமா இருக்குமே, அப்படியா?"

"அது எங்ககிட்ட இருக்காதுங்க. இங்க திரும்பி வந்ததுன்னு மட்டும்தான் தெரியும்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்ப நீங்க எங்க இருக்கீங்கன்னு சொன்னா, நான் இப்பவே மாத்திடுவேன். உங்க குறியீடும் சரியாயிடும்."

மர்டோ என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. கேரவன் விலாசத்தை அவர் சொல்ல முடியாது. விடுமுறைக்கு வந்து தங்கும் இடம் என்றுதான் பூங்காவுக்கு அனுமதி. குளிர்காலத்தில் சில வாரம் மூடியே ஆக வேண்டும். அப்போதும் சத்தமில்லாமல் வருடம் பூரா அங்கேயே வாழ்கிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள், ஆனால் வாழ்கிறேன் என்று அரசாங்கத்திடம் ஒருவரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். எழுதினால் மறுநாள் பூங்காக்காரர் கேரவனை இழுத்து வெளியே விட்டுவிடுவார். ஒவ்வொருவருக்கும் மகன் வீடு, தங்கை வீடு என்று காகிதத்தில் வேறு ஒரு விலாசம் உண்டு. மர்டோவுக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

"மிஸ்டர் கார்கில், இப்ப எங்க இருக்கீங்க?"

நான் என் வீட்டு எண்ணைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், போனில் கேட்டிருக்காது. தெருப்பெயரையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தபடியே அதைத் திருப்பிச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாக நான் சொல்ல, அவர் சொல்ல, அந்தப் பெண் தட்டினாள்.

"அப்ப இனிமே இங்கிலாந்து. உங்க குறியீட்டுல எஸ் இருக்காது, பரவாயில்லையா?"

"உங்க இஷ்டம்," என்றார் மர்டோ.

"வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணாம்மா. நல்ல கிறிஸ்துமஸ்."

போனை என் கையில் திருப்பித் தந்தார். சூடாக இருந்தது. வெளியே டிரெய்லர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "பெல்ட் ஓடப் போவுது, வாத்துங்களா!" என்று பெவ் கத்தினாள். நாங்கள் தலைமுடி வலையை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம்.

கிறிஸ்துமஸ் கழிந்து வேலைக்கு வந்த முதல் நாள், வேனில், அவராகவே சொன்னார்.

"ஐல்சாவோட தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். டண்டீயில இருக்கா. ஐல்சா நல்லா இருக்காளாம். ஆர்பிரோத் வீடு அவ அப்பாவோடது. ஆகஸ்டுல வித்துட்டு டண்டீக்கே போயிட்டாளாம், தங்கச்சி பக்கத்துல."

"அப்ப திருப்பி அனுப்பினது...?"

"புதுசா வந்தவங்க." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். "வித்ததை எனக்குச் சொல்லலையான்னு கேட்டேன். உங்களுக்குச் சொல்லணும்னு அவளுக்குத் தோணலை மர்டோ, அப்படின்னா தங்கச்சி. வருத்தமாத்தான் சொன்னா. கோவமெல்லாம் இல்ல."

"அவங்ககிட்ட பேசினீங்களா?"

"பக்கத்துலதான் இருந்தாளாம். குடுக்கட்டுமான்னு தங்கச்சி கேட்டா. வேணாம்னுட்டேன். அவளும் கேக்கல போல, வேற யாரும் லைனுக்கு வரல."

அந்த மாதமே என் வீட்டு வாசல் மிதியடியில் பழுப்பு உறை விழுந்தது. மர்டோ கார்கில், கீழே என் விலாசம். என் அம்மா போன பிறகு அந்த வீட்டுக்கு வேறு ஒரு பெயரில் தபால் வந்தது அதுதான் முதல் தடவை. அதைச் சமையலறை மேசைமேல் வைத்தேன். சாப்பிடும்போது எதிரே இருந்தது.

மறுநாள் வேனில் அவர் கையில் கொடுத்திருக்கலாம். பைக்குள் வைத்தும்விட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். சனிக்கிழமை கடைக்குப் போய் வெள்ளை உறையும் தபால்தலையும் வாங்கினேன். பழுப்பு உறையை அதற்குள் வைத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது, பள்ளிக்கூடத்திலேயே அதற்குத் திட்டு வாங்கியவள். ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, அவர் பெயரையும் கொட்டகையின் விலாசத்தையும் உறைமேல் எழுதினேன். அஞ்சல் பெட்டி வரை நடந்து போய்ப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெவ் அதை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"மர்டோ! ஸ்காட்லாந்திலேர்ந்து காதல் கடிதம்!"

அவர் எழுந்தார். கையுறையைக் கழற்றினார். அவசர அவசரமாகக் கை கழுவியதில் சட்டைக் கை முழுக்க நனைந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை. ஓடி வந்து வாங்கினார். முன்பக்கத்தைப் பார்த்தார்.

நான் என் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். அங்கேயே, மேசையிலேயே, பிரித்தார். உள்ளே இருந்ததையும் பிரித்தார். படித்தார். அந்தக் காகிதங்களில் ஒன்றை அவர் படித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு வெள்ளை உறையையும் பழுப்பு உறையையும் சேர்த்துக் கசக்கிக் குப்பையில் போட்டார்.

"என்ன சொல்றா உன் காதலி?" என்றாள் பெவ்.

"குறியீடு சரியாயிடுச்சாம்."

அன்று மாலை வேனில் மற்றவர்கள் இறங்கிய பிறகு அவர் சொன்னார்: "தபால்தலை வீணாப் போச்சே, லோர்னா. கையிலயே குடுத்திருக்கலாம்."

"ஆமா," என்றேன்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என் நிறுத்தத்தில் வேன் நின்றதும் என் பையை எடுத்துக் கொடுத்தார். அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. பிறகும் செய்ததில்லை.

ஈஸ்டருக்குக் கேரவன் பூங்காவில் சேர்ந்த அன்று அலுவலகச் சன்னலில் எனக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். ஃபிளாஸ்க் உறைக்குள் விரலை விட்டுப் பி45-ஐ எடுத்தார். ஓரம் தேநீர்க் கறையாகியிருந்தது. விரித்து, நீவி, உள்ளே நீட்டினார். அங்கிருந்த பெண் அதைப் பார்த்துத் தட்டிக்கொண்டு, "சரி, அடுத்தவங்க," என்றாள். அவ்வளவுதான். அக்டோபரில் கொட்டகையிலும் கொடுத்தார். பெவ் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கள்ள நோட்டா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மர்டோவும் சிரித்தார்.

இப்போது அவருக்கு அவசரக் குறியீடு விழுவதில்லை. குறியீட்டில் எஸ் இல்லை. வெள்ளிக்கிழமை சீட்டைப் பிரித்தால் எங்களைப் போலவே கடைசி வரியைப் பார்க்கிறார். அதே சன்னலோர மேசையில்தான் உட்காருகிறார், நான் சூடாக்கியின் ஓரத்தில். வேனில் பனியைப் பற்றியும் முளைக்கோஸைப் பற்றியும் பேசிக்கொள்கிறோம். வரி அலுவலகத்தின் கணக்குப்படி அவர் குடியிருப்பது என் வீட்டில். குறியீடு மாறாததால் அவர் பெயருக்குத் தபால் எதுவும் வருவதில்லை.